கரையேறாத படகு

ஐப்பசி மூன்றாம் வாரத்தில் காற்று வாடைக்குத் திரும்பி, கடல் சாம்பல் நிறமாகி, அலை கரைமணலைக் கடித்துக் கடித்துத் தின்னத் தொடங்கியதும், முத்தந்துறையில் இருக்கிற அறுபத்திரண்டு படகுகளையும் நாங்கள் கரையில் ஏற்றி வைத்துவிடுவோம். மாசியில் காற்று தணிகிறவரை அவை மணலில்தான் கிடக்கும். ஏற்றி வைப்பது என்றால் சும்மா இழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவதல்ல. அடியில் உருளைக்கட்டை போட்டு, வடம் கட்டி, ஒரு படகுக்கு நாற்பது பேர் இழுக்க வேண்டும். எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சாக்கு சுற்றி வைக்க வேண்டும். அடிப்பலகையில் இருக்கிற தக்கையைப் பிடுங்கி உள்ளே நின்ற தண்ணீரை வடித்துவிட்டு, வருஷமெல்லாம் ஒட்டி வளர்ந்து கல்லாகிப்போன கொட்டலசுச் சிப்பிகளை உளியால் ஒவ்வொன்றாகச் சுரண்டி, உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு வெயில் காயவிட்டு, பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியம் காய்ச்சி ஊற்றி அடைத்து, மேலே முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசி, மூன்று முட்டுக்கட்டைகள்மேல் உட்கார வைத்த படகுக்குக் கடைசியாக ஒரு கீற்றுக்கூரையும் வேய்ந்துவிட்டால், அதற்குப் பிறகு அது படகல்ல, மூன்று மாதத்துக்கு அது தூங்குகிற பிராணி.

கஸ்பார் இந்த வேலைகளை எங்களில் எவரைவிடவும் நிதானமாகச் செய்கிறவன். ஐம்பது வயது, குறைந்த பேச்சு, கொட்டலசு கீறிக் கீறித் தழும்பேறிய கைகள். அந்த வருஷம் படகை ஏற்றி வைத்த நான்காம் நாள், காலை பத்து மணி வாக்கில், கடல் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், அவன் மணலில் மல்லாந்து படுத்து அடிப்பலகைக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது, பிரஷ் முட்டுக்கட்டைக்கும் படகுக்கும் நடுவே நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தது. அவன் நகர்ந்து வெளியே வந்து எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். மூன்று கட்டைகளையும் விட்டு நாலு விரல் உயரத்தில் படகு நின்றுகொண்டிருந்தது. நின்றது என்றும் சொல்ல முடியாது. சின்ன அலையில் கிடக்கிற மாதிரி மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. கடல் தண்ணீர் நாற்பது அடி தள்ளி இருந்தது. கஸ்பார் மறுபடியும் படுத்து, கட்டை படுகிற அந்த மூன்று இடங்களுக்கும் எண்ணெய் பூசினான். எந்த வருஷமும் எண்ணெய் காணாத இடங்கள் அவை. மத்தியானத்துக்கு மேல் கடல் வற்றியதும் படகு பழையபடி கட்டையில் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த ஏற்றத்துக்கு மறுபடியும் எழுந்தது. அதற்கடுத்த ஏற்றத்துக்கும் எழுந்தது. கடல் ஏறினால் ஏறும், வற்றினால் இறங்கும், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒரு விரல் கூடுதலாக எழும்.

முதல் வாரம் நாங்கள் அதை ஒரு வசதியாகத்தான் எடுத்துக்கொண்டோம். கருவாடு காயப்போடுகிற பெண்கள் கடல் பக்கம் திரும்பாமல் கஸ்பார் படகைப் பார்த்தே ஏற்றமா வற்றா என்று சொன்னார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஐந்தாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு வந்து அளவுகோலால் அளக்கச் செய்து ஏழு சென்டிமீட்டர் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். படகு கணக்கெடுக்க வந்த அதிகாரி தன் பதிவேட்டில் ‘கரையில்’ என்று எழுதி, அதை அடித்து ‘கடலில்’ என்று எழுதி, அதையும் அடித்துவிட்டு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுப் போனார். படகின் அடியில் நிழலுக்குப் படுக்கிற ஆடுகள் அது இறங்கப்போகிற நேரம் தெரிந்து தாமாகவே எழுந்து வெளியே வந்தன.

பிறகு ஒரு காலையில், டீக்கடையில் ஊர்க்கமிட்டித் தலைவர் ராயப்பன் தன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், ஒரு கேள்வி கேட்டார். “அறுபத்திரண்டு படகு கெடக்கு. இது மட்டும் ஏன்?”

அதுவரை எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. தோன்றிய பிறகு வேறு எதுவுமே தோன்றவில்லை.

இந்த இடத்தில் ஆடி மாதத்தில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை கஸ்பாரும், அவன் மனைவி பிரகாசியின் தம்பி சலேத்தும், தொம்மை என்பவனும் மூன்று பேராகக் கடலுக்குப் போய் இரண்டு பேராகத் திரும்பி வந்தார்கள். வலை இழுக்கும்போது திடீரென்று காற்று எழுந்தது, தொம்மை தவறி விழுந்துவிட்டான், பொழுது சாய்கிறவரை தேடினோம், கிடைக்கவில்லை என்று கஸ்பார் சொன்னான். நாங்கள் எல்லாப் படகுகளையும் எடுத்துக்கொண்டு போய் இரண்டு நாள் தேடினோம். உடல் கிடைக்கவில்லை. பெட்டியில் அவனுடைய சட்டை ஒன்றை வைத்து அடக்கம் செய்தோம். அவன் மனைவி எஸ்கலின் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டாள்.

தொம்மை எங்கள் ஊரில் பிறந்தவன் அல்ல. இருபது வருஷத்துக்கு முன்பு அக்கரையில் சண்டை மூண்டபோது அகதியாக வந்தவன். நடுக்கடல் மணல்திட்டில் யாரோ இறக்கிவிட்டுப் போக, மூன்று நாள் தண்ணீரில்லாமல் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துப் படகில் ஏற்றிக்கொண்டு வந்தது இதே கஸ்பார்தான். அதிலிருந்து தொம்மை அவனோடுதான் கடலுக்குப் போனான். எங்கள் ஊர்ப் பெண்ணான எஸ்கலினைக் கட்டிக்கொண்டான். அமலி என்று ஒரு மகள், பத்தாவது படிக்கிறாள். நல்ல பாட்டுக்காரன். அவன் செத்தபோது நாங்கள் உண்மையாகவே அழுதோம்.

ராயப்பன் கேட்ட கேள்விக்குப் பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமையை நாங்கள் மறுபடியும் எடுத்துக் கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம். மூன்று பேராகப் புறப்பட்ட பயணம் முடியவில்லை, அதனால்தான் படகு கரையேறவில்லை என்று ஒருவர் சொல்ல, அது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. காற்று எழுந்ததென்றால் வலை ஏன் கிழியவில்லை என்று வலை பின்னுகிறவன் கேட்டான். பொழுது சாய்கிறவரை தேடியவன் சட்டை ஏன் காய்ந்திருந்தது என்று அன்றைக்குக் கரையில் நின்ற ஒருத்தி கேட்டாள். அடக்கப் பூசையில் கஸ்பார் அழவில்லை, தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான் என்பது பலருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. சலேத்து ஏன் ஒரே மாதத்தில் ஊரைவிட்டுக் கொல்லத்துக்கு வேலைக்குப் போனான் என்பதற்கு எவராலும் பதில் சொல்ல முடியவில்லை. கஸ்பாரின் கையிலிருந்த தழும்புகளைக்கூட நாங்கள் புதிதாகப் பார்த்தோம்; கொட்டலசு கீறியதற்கும் நகம் கீறியதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றிப் பேசினோம்.

யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. அவன் டீக்கடைக்கு வந்தால் பேச்சு நின்றது, போனதும் தொடர்ந்தது. அவன் படகுக்கு இரண்டு பக்கமும் தங்கள் படகுகளை வைத்திருந்தவர்கள், ஏற்றி வைத்த படகை அசைக்கக் கூடாது என்ற வழக்கத்தையும் மீறி, மறுபடியும் வடம் கட்டி ஆள் சேர்த்து இருபது அடி தள்ளி இழுத்துக்கொண்டு போனார்கள். வரிசையில் விழுந்த அந்த இடைவெளியில் கஸ்பார் படகு தன்னந்தனியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

சந்தேகம் அவன் வீட்டுக்குள்ளும் போனது. பிரகாசி அவனோடு இருபத்தாறு வருஷம் வாழ்ந்தவள். அவன் மாமிசத்தில் எந்தத் துண்டை முதலில் எடுப்பான் என்பதுவரை தெரிந்தவள். அவள் தன் தம்பிக்குப் போன் போட்டு, அன்று என்ன நடந்தது என்று கேட்டாள். மச்சானையே கேளு என்று சொல்லிவிட்டு அவன் போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவள் கணவனுக்குச் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், ஆனால் பக்கத்தில் உட்காரவில்லை. ஒருநாள் அவன் ஆடி மாதத்தில் போட்டிருந்த சட்டையை அவள் தேடி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு பொத்தானாகப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கஸ்பார் பார்த்தான். பார்த்துவிட்டு வெளியே போனான்.

எஸ்கலின் மட்டும் அந்தப் படகின் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தாள். கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு வருவாள், படகு எழுகிற நேரம் அதன் அடியில் விழும் நிழலின் ஓரத்தில் உட்காருவாள், மீனைப் பிரித்துக்கொண்டே நிமிர்ந்து நிமிர்ந்து பார்ப்பாள், இறங்கியதும் எழுந்து போவாள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் கணக்குப் போடுகிறவளைப் போலத்தான் முகத்தை வைத்திருந்தாள்.

கார்த்திகை இரண்டாம் ஞாயிறு, ஊர்க்கமிட்டி கஸ்பாரைக் கோயிலுக்குக் கூப்பிட்டது. பங்குச் சாமியார் வேறு ஊருக்குப் போயிருந்தார். ஆண்களும் பெண்களுமாக நாங்கள் எல்லோரும் இருந்தோம். பீடத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று ராயப்பன் சொன்னார். கஸ்பார் மறுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் கை வைத்தான்.

“தொம்மையை நான் கொல்லலைன்னு சொல்லு” என்றார் ராயப்பன்.

கஸ்பார் உடனே சொன்னான். எங்களுக்கு ஒரு கணம் வெட்கமாகக்கூட இருந்தது. எழுந்து போய்விடலாம் என்று சிலர் வேட்டியைத் தட்டிக்கொண்டார்கள். ஆனால் ராயப்பன் கிளம்பவில்லை. அவர் முப்பது வருஷம் மீன் ஏலம் விட்டவர். எதிரில் நிற்கிறவன் எதை மறைக்கிறான் என்பது அவருக்கு வாசத்தில் தெரியும்.

“சரி. தொம்மை கடல்ல செத்தான்னு சொல்லு.”

கஸ்பாரின் வாய் திறந்து மூடியது. அவன் கை பீடத்தின்மேலேயே இருந்தது. கடைசியில் கையை எடுத்துத் தன் வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

“அதைச் சொல்ல முடியாது” என்றான். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியேறினான்.

அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் ஆளுக்கொரு கதை இருந்தது. கடலில் சாகவில்லை என்றால் கரையில் செத்திருக்கிறான், கரையில் என்றால் எந்தக் கரையில், கொல்லவில்லை என்றால் கொன்றதைப் பார்த்திருக்கிறான், கொன்றது சலேத்து, இல்லை, கடத்தல்காரர்கள், இல்லை, தொம்மை பார்க்கக் கூடாத எதையோ பார்த்துவிட்டான். மாசியில் கஸ்பாரின் படகைத் தள்ள எவரும் வடத்தைத் தொடக் கூடாது என்று கமிட்டி முடிவெடுத்தது. நாற்பது பேர் தொடாமல் ஒரு படகு கடலுக்குள் இறங்காது. அவன் பிழைப்பு அதோடு முடிந்தது என்றுதான் அதற்கு அர்த்தம்.

மறுநாள் நடுமத்தியானம், வெயிலுக்குப் பயந்து கரையில் ஆள் இல்லாத நேரம், எஸ்கலின் கஸ்பாரைத் தேடிப் படகுக்கே வந்தாள். அவர்கள் பேசிக்கொண்டதைக் கஸ்பார் எங்களுக்குப் பல வருஷம் கழித்துச் சொன்னான். அப்போதும் அவன் சுற்றி வளைக்கவில்லை.

அவள் உட்காரவில்லை. “அவரு எங்கண்ணே எறங்குனாரு?” என்று கேட்டாள்.

கஸ்பார் கையிலிருந்த குங்கிலியச் சட்டியைக் கீழே வைத்தான். எப்படித் தெரியும் என்று அவளிடம் கேட்டான். அன்றைக்குத் தொம்மை கொண்டுபோன சோற்றுத்தூக்கு படகில் திரும்பி வரவில்லை என்று அவள் சொன்னாள். காற்றில் விழுகிறவர் தூக்கை எடுத்துக்கொண்டு விழமாட்டார் என்று அவளுக்கு முதல் நாளே பட்டது. ஆனால் அதைப் பிடித்து இழுத்தால் என்ன வருமோ என்று பயந்து நாலு மாதமாக அதைத் தொடாமல் வைத்திருந்தாள். நேற்று அவன் சத்தியம் செய்யாததும் பயப்பட இனி ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது.

“திட்டுல” என்றான் கஸ்பார். “நான் அவனை ஏத்துன அதே திட்டுல. அந்தப் பக்கத்துப் படகு ஒண்ணு வந்து நின்னுச்சு.”

“ரஞ்சி உசுரோட இருக்காளா?”

அந்தப் பெயரை அவள் அறிவாள் என்பது கஸ்பாருக்குத் தெரியாது. தொம்மை கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் சொல்லியிருந்தான்: ஓடி வந்த நெரிசலில் தான் ஒரு படகிலும், மனைவி ரஞ்சியும் கைக்குழந்தையும் இன்னொரு படகிலும் ஏறியதை, திட்டில் மூன்று நாள் காத்திருந்தும் அந்தப் படகு வராததை, அது மூழ்கிவிட்டதாகப் பின்னால் வந்தவர்கள் சொன்னதை. மூழ்கவில்லை. திரும்பிப் போய்விட்டது. சண்டை முடிந்த மறுவருஷம், அக்கரை முகாமிலிருந்து ரஞ்சி யார் யாரையோ விசாரித்துத் தொம்மைக்குப் போன் போட்டாள்.

“இருக்கா” என்றான் கஸ்பார்.

“பையன்?”

“கடைசிச் சண்டையில போய்ட்டானாம்.”

எஸ்கலின் கடல் பக்கம் திரும்பினாள். கடல் ஏறிக்கொண்டிருந்தது. படகு அவர்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் கட்டையை விட்டு எழுந்தது.

“அப்ப அவ தனியாத்தான் இருந்திருக்கா” என்றாள்.

தொம்மை படகில் உட்கார்ந்து அழுததையும், எஸ்கலின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, நான் செத்துவிட்டேன் என்றே சொல்லுங்கள், செத்தவனை அவள் மன்னித்துவிடுவாள் என்று காலைப் பிடித்ததையும், சலேத்தும் தானும் சத்தியம் செய்துகொடுத்ததையும் கஸ்பார் சொன்னான். அவள் அவன் பக்கம் திரும்பினாள். அவளை அப்படிக் கோபமாக அவன் அதற்கு முன் பார்த்ததில்லை.

“அவருக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தீங்க. எனக்கு யாரு பண்ணிக் குடுத்தா? அவரு சொல்லியிருந்தா போகவிட்டிருப்பேனா மாட்டேனான்னு எனக்கே தெரியாதுண்ணே. ஆனா அதை நான்ல பாத்திருக்கணும். வெறும் சட்டையைப் பொதைச்சு, என் வளையலை ஒடைச்சு, எம்புள்ளைய அப்பன் இல்லாதவளாக்கி, எல்லாத்தையும் பாத்துக்கிட்டுக் கால் வெரலைப் பாத்துக்கிட்டு நின்னீங்க.”

ஊரில் நானே சொல்லிவிடட்டுமா என்று கஸ்பார் கேட்டான். வேண்டாம், யார் சொல்வது என்பதையாவது நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் ஆறு நாள் எடுத்துக்கொண்டாள். முதலில் மகளிடம் சொன்னாள். பத்தாவது படிக்கிற பெண் அதை எப்படி வாங்கிக்கொண்டாள் என்பது எங்களுக்குத் தெரியாது. அந்த வாரம் அமலி பள்ளிக்கூடம் போகவில்லை என்பது மட்டும் தெரியும், அதற்கும் நாங்கள் வேறு காரணம் வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் எழுகிற நேரத்தில், எஸ்கலின் இலைப்பச்சைச் சேலையில், பெண்கள் பக்கத்திலிருந்து நடந்து முன்னால் வந்து நின்றாள். அந்தப் பச்சையைப் பார்த்ததிலேயே பாதிப் பேருக்குக் காது அடைத்துப்போனது.

அவள் சத்தமாகப் பேசவில்லை. என் வீட்டுக்காரர் சாகவில்லை, அக்கரையில் தன் முதல் மனைவியோடு இருக்கிறார், அவர் கேட்டுக்கொண்டபடி கஸ்பார் அண்ணன் அவரைத் திட்டில் இறக்கிவிட்டார், அதனால் நான் விதவை இல்லை, அவருக்காக இனி யாரும் பூசை கொடுக்க வேண்டாம் என்று சொன்னாள். சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

எங்களில் ஒருவர்கூட அவள் பின்னால் போகவில்லை. எல்லோரும் கடற்கரைக்குத்தான் ஓடினோம். அன்று ஏற்றம் பதினொரு மணிக்கு. உண்மை வெளியே வந்துவிட்டது, ஆகவே படகு இன்றைக்கு எழாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யார் அப்படிச் சொன்னார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ராயப்பன் முன்னால் நின்றார். பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். பதினொரு மணிக்குப் படகு எப்போதும்போல அசைந்து, கட்டையை விட்டு எழுந்து, ஐந்து விரல் உயரத்தில் நின்று தலையாட்டியது.

“உண்மையா இருந்தா உக்காந்திருக்கணும்ல” என்றார் ராயப்பன்.

அதுவும் எல்லோருக்கும் சரியாகப் பட்டது. கடலில் இரண்டு நாள் தேடியவர்களுக்கு, உயிரோடு இருக்கிறவனைத் தேடினோம் என்பதைவிடச் செத்தவனைத் தேடினோம் என்பதே தேவலாம் என்றிருந்தது. அப்படியானால் எஸ்கலின் ஏன் பொய் சொல்ல வேண்டும்? கஸ்பாரைக் காப்பாற்ற. கஸ்பாரை அவள் ஏன் காப்பாற்ற வேண்டும்? நடுமத்தியானத்தில் இருவரும் படகுக்குப் பக்கத்தில் நின்று பேசியதைப் பார்த்த கண்கள் அதற்குள் நாலைந்து முளைத்துவிட்டன. தொம்மை ஏன் செத்தான் என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் கிடைத்துவிட்டது. பச்சைச் சேலை வேறு.

இந்தப் பேச்சு பிரகாசியின் காதுக்கு வர ஒருநாள்தான் ஆனது. அவள் தன் கணவனிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை, தெருவில் எல்லோரும் தண்ணீர் பிடிக்கிற நேரமாகப் பார்த்து, எஸ்கலின் வீட்டுக்கு நடந்தாள். குடங்கள் நிரம்பி வழிந்தன, யாரும் குழாயை மூடவில்லை. எஸ்கலின் வாசலில் உட்கார்ந்து காரல் மீனைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“எங்க வீட்டுக்காரருக்கும் உனக்கும் என்ன?” என்று பிரகாசி கேட்டாள்.

எஸ்கலின் கையிலிருந்த மீனைக் கீழே போட்டாள். “உங்க வீட்டுக்காரரு என்னை நாலு மாசம் விதவையா வச்சிருந்தாருக்கா. அதுதான் எனக்கும் அவருக்கும். அவரு மொகத்தைப் பாத்தாலே எனக்கு எரியுது. ஆனா கொலைகாரன்னு சொல்றாங்க, அது அவரு இல்ல. அதுக்காகத்தான் கோயில்ல சொன்னேன். எரிச்சல் போகலை.”

பிரகாசி அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆடி மாதத்துச் சட்டையில் அவள் தேடிக் கிடைக்காதது அந்தக் கோபத்தில் கிடைத்தது. கீழே விழுந்த மீனை எடுத்துக் கழுவிக் கூடையில் போட்டாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, இருவருமாக அந்தக் கூடையை முழுக்கப் பிரித்து முடித்தார்கள். அதற்கும் நாங்கள் ஒரு காரணம் கண்டுபிடித்தோம்: மூன்று பேரும் கூட்டு.

மார்கழி போனது, கிறிஸ்துமஸ் போனது, தை போனது. மாசி முதல் வாரத்தில் வாடை தணிந்து கடல் மறுபடியும் பச்சையானது. கீற்றைப் பிரித்து, தக்கையை அடித்து, எஞ்சினை மாட்டி, நாற்பது பேர் நாற்பது பேராக வடம் பிடித்து ஒவ்வொரு படகாகத் தள்ளினோம். ஐந்து நாளில் அறுபத்தொரு படகுகள் இறங்கிவிட்டன. கரையில் கஸ்பாரின் படகு மட்டும் இருந்தது. அவனோடு கடலுக்குப் போக ஆளும் இல்லை. சலேத்து திரும்பி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான், ஊரில் யாரைக் கேட்டாலும் வேறு படகில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

ஆறாம் நாள் காலை எட்டு மணி ஏற்றத்துக்கு நாங்கள் எல்லோரும் கரையில் இருந்தோம். கஸ்பார் கீற்றைப் பிரித்தான். எஞ்சினை முந்தின நாளே மாட்டியிருந்தான். அந்தக் கனத்தோடும் படகு எழுந்தது. எஸ்கலின் வந்தாள். சேலையை முழங்காலுக்கு ஏற்றிக் கட்டியிருந்தாள். அவர் இடம் காலியாகத்தானே கிடக்கிறது, நானும் என் பிள்ளையும் சாப்பிட வேண்டும், நான் வருகிறேன் என்று அவள் கஸ்பாரிடம் ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லியிருந்தாள். எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் வலைப் படகில் ஏறியதில்லை. கஸ்பார் யோசித்துவிட்டு, கையில் முதலில் கொப்புளம் வரும், பிறகு காய்த்துவிடும் என்று மட்டும் சொன்னானாம்.

கஸ்பார் பின்னால் நின்று கை வைத்தான். எஸ்கலின் பக்கவாட்டில் கை வைத்தாள். வடமும் இல்லை, உருளைக்கட்டையும் இல்லை. நாற்பது பேர் மூச்சுப் பிடித்து இழுக்க வேண்டிய படகு, தண்ணீரில் கிடக்கிற படகைத் தள்ளினால் நகர்கிற மாதிரி, முட்டுக்கட்டைகளை விட்டு மணலுக்கு மேலே நகர ஆரம்பித்தது. ஆனால் காற்று அதன் மூக்கைத் தெற்கே தள்ளியது. இரண்டு பேரால் அதை நேராகப் பிடிக்க முடியவில்லை. படகு ஒருபக்கமாகச் சுழன்று எங்களை நோக்கித் திரும்பியது, நாங்கள் பின்வாங்கினோம்.

அப்போது பிரகாசி கூட்டத்திலிருந்து வெளியே வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல் போய், படகின் மூக்கை இரண்டு கையாலும் பிடித்து, கன்றுக்குட்டியைத் திருப்புகிற மாதிரி கடல் பக்கம் திருப்பினாள். கஸ்பார் பின்னாலிருந்து அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றுவிட்டான். “தள்ளுங்க, ஏத்தம் போயிரும்” என்றாள் பிரகாசி. மூன்று மாதத்தில் அவள் அவனிடம் சோறு தண்ணீரைத் தவிர வேறு பேசியது அதுதான் முதல் தடவை.

மூன்று பேரும் அதை நடத்திக்கொண்டு போனார்கள். ஈரமணலைத் தாண்டி, நுரையைத் தாண்டி, தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது படகு எங்கே காற்றில் மிதப்பதை விட்டுத் தண்ணீரில் மிதக்கத் தொடங்கியது என்று எங்களால் சொல்ல முடியவில்லை. கஸ்பார் ஏறினான். எஸ்கலின் ஏறினாள், ஏறும்போது ஒருமுறை வழுக்கினாள், பிரகாசி கீழேயிருந்து தாங்கிக்கொடுத்தாள். எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்தது.

நாங்கள் எல்லோரும் தண்ணீர் ஓரத்துக்கு நகர்ந்தோம். கிழக்கே திரும்பினால் திட்டு, திட்டுக்கு அந்தப் பக்கம் அக்கரை. அவள் புருஷனைத் தேடித்தான் போகிறாள் என்று பாதிப் பேரும், இருவரும் எங்கேயோ ஓடிப்போகிறார்கள் என்று மீதிப் பேரும் சொல்லிக்கொண்டிருந்தோம். கஸ்பாருக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. அலை உடைகிற இடத்தைத் தாண்டியதும் சுக்கானைப் பிடித்தபடி அவன் அவளைக் கேட்டான், எந்தப் பக்கம் விடட்டும் தங்கச்சி என்று. கேட்கும்போது அவன் கை கிழக்கே திருப்பத் தயாராக இருந்தது; அவள் கேட்டிருந்தால் விட்டிருப்பான்.

எஸ்கலின் வலையின் சிக்கை எடுத்துக்கொண்டிருந்தாள். கிழக்கே ஒருமுறை பார்த்தாள். பிறகு வலைக்குத் திரும்பினாள்.

“மீன் கெடக்கிற பக்கம் விடுங்கண்ணே” என்றாள்.

படகு வடக்கே திரும்பியது. கரையில் நின்ற எங்களில் பாதிப் பேர் அதை நம்பவில்லை. கண்ணுக்கு மறைகிறவரை நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம்.